சிஏ அப்ளிகேஷன் போட கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்து, பக்கத்துச் சந்தில் திரும்பினால் ஒரு பாத்திரக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயர் கிடையாது. மஞ்சள் தகரத்தில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். 2025 ஜூலையில் என் ரிசல்ட் வந்த அன்றைக்கே இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன், இப்போதுதான் நேரம் கிடைத்தது. ஆடிட்டர் ஆவதற்கான சிஏ, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான சிஎம்ஏ, டெட், வக்கீல் படித்தவர்களுக்கான பார் தேர்வு என்று எதையாவது எழுதப் போகிற, வீட்டில் அதற்கு முன்னால் யாருமே அந்தத் தேர்வை எழுதியிராத நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். கோச்சிங் சென்டர் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வின் விதிகளை உட்காரவைத்துத் தமிழில் படித்துச் சொல்ல எனக்கு இந்தக் கடையில்தான் ஆள் கிடைத்தது.

நான் குடவாசல் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். காமர்ஸ் டிகிரியில் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பவுண்டேஷன் என்கிற முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேரடியாக இரண்டாம் கட்டமான சிஏ இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம் என்று கல்லூரியில் ஒரு மேடம் சொன்னார்கள், அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பதிவு செய்து எட்டு மாதம் படிப்புக் காலம் முடிந்தால்தான் தேர்வு எழுத முடியும். அந்த எட்டு மாதமும் பாடத்தைத்தான் படித்தேன். தேர்வு எழுதுகிற முறை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் அப்ளிகேஷனை எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சென்டரில் போட்டேன். 2024 நவம்பர், நல்ல மழை. உள்ளே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், கம்ப்யூட்டர் திரை சென்டர்க்காரர் பக்கம் திரும்பியிருந்தது. பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த குரூப் (மூன்று பேப்பர் சேர்ந்தது ஒரு குரூப்), எந்த ஊரில் எழுதப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே அடித்தார். திருச்சி என்றேன், ஸ்ரீரங்கத்தில் சித்தி வீடு இருக்கிறது, தங்கிப் படிக்க வசதி. ஒரு குரூப்புக்குத் தேர்வுக் கட்டணம் 1500, அவர் கூலி 300, கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு தாள் கொடுத்தார். பணம் கட்டியதற்கு அத்தாட்சி என்று நினைத்து மடித்து பர்சில் வைத்தேன், படித்துப் பார்க்கவில்லை.

அட்மிட் கார்டு வந்தபோதுதான் தெரிந்தது, மையம் திருநெல்வேலி. பட்டியலில் திரு என்று தொடங்குகிற ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன, அவர் கை ஒரு வரி கீழே பட்டுவிட்டது. அப்ளிகேஷன் முடிந்தபின் ஊர், குரூப், மீடியம் இவற்றைத் திருத்திக்கொள்ள மூன்று நாள் கொடுக்கிறார்கள். அது ஃபெஞ்சல் புயல் வந்த சமயம். எங்கள் வயலில் சம்பா பயிர் தண்ணீரில் நின்றது, வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கவலைதான். அந்தத் திருத்த நாள் பற்றி வந்த மெயில் எனக்கு வரவே இல்லை, ஏனென்றால் பதிவில் இருந்தது என் மெயில் ஐடி இல்லை, அந்த சென்டரின் மெயில் ஐடி. வருகிறவர்கள் எல்லாருக்கும் அவருடைய மெயிலையே போட்டுக் கொடுப்பது அங்கே வழக்கமாம். கேட்டபோது, "அதனால என்ன, எது வந்தாலும் நான் பாத்துச் சொல்லுவேன்ல" என்றார். அவர் பார்க்கவில்லை. எத்தனை பேருடைய மெயில் அந்த ஒரே பெட்டியில் கிடந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

2025 ஜனவரி 11, 13, 15 மூன்று நாளும் முதல் குரூப். அதாவது போகிக்கு ஒரு பேப்பர், மாட்டுப் பொங்கலுக்கு ஒரு பேப்பர். (பவுண்டேஷன் எழுதுகிறவர்களுக்குச் சரியாகப் பொங்கலன்றே, 14ஆம் தேதி, ஒரு பேப்பர் இருந்தது. அதை அப்புறம் 16க்கு மாற்றினார்கள்.) செந்தூர் எக்ஸ்பிரஸில் பண்டிகைக் கூட்டம், டிக்கெட் கிடைக்கவில்லை. அப்பாவும் நானும் மதுரைக்குப் பஸ் பிடித்து அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனோம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ். அப்பா என் நினைவு தெரிந்து பொங்கலுக்கு வீட்டில் இல்லாமல் இருந்ததே கிடையாது. 14ஆம் தேதி காலையில் அம்மா போனை அடுப்புப் பக்கத்தில் பிடித்துப் பானை பொங்குகிற சத்தத்தைக் கேட்கவைத்தார். நான் ஜிஎஸ்டி படித்துக்கொண்டிருந்தேன் என்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வாயைக் கையால் மூடி, மெதுவாகப் பொங்கலோ பொங்கல் என்றார்.

முதல் பேப்பர், அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், மோசமாகப் போனது. வெளியே வந்ததும் அப்பாவிடம், இந்தத் தடவை வராது, ஊருக்குப் போய்விடலாம், மிச்சம் இரண்டு நாளுக்கு லாட்ஜ் காசாவது மிச்சம் என்றேன். அதே லாட்ஜில் தங்கியிருந்த, தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மூன்றாவது அட்டெம்ட். "மூணு பேப்பரும் எழுதிட்டு போ. ஒண்ணுல அறுபது வந்தா எக்ஸம்ப்ஷன் கிடைக்கும். ஒரு பேப்பரை விட்டுட்டேன்னா அதுவும் கிடைக்காது" என்றாள். அறுபது வந்த பேப்பரை அடுத்த தடவை எழுத வேண்டியதில்லை, அப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச் 4ஆம் தேதி ரிசல்ட். அக்கவுண்ட்ஸ் 38, லா 45, டாக்ஸ் 64. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும், அதாவது 300க்கு 150. எனக்கு 147. ஒரு பேப்பரில் 2 மார்க், மொத்தத்தில் 3 மார்க். ஆனால் டாக்ஸில் எக்ஸம்ப்ஷன். அந்தப் பெண் வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் அந்த 64 எனக்கு இல்லை. அடுத்த மே அட்டெம்ட்டுக்கு அப்ளிகேஷன் போட அதிக நாள் இல்லை. கூடப் படித்த தோழி ஒருத்தி, பழைய சென்டருக்குப் போகாதே, இங்கே போ என்று கும்பகோணத்துக் கடையைக் கைகாட்டினாள்.

கடை நடத்துகிற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவராம், லோயர் ஹையர் எழுதுகிற பிள்ளைகளை மெஷினோடு தேர்வு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர். நன்றாக டைப் அடிக்கிற பிள்ளை மார்ஜின் விதி தெரியாமல் ஃபெயிலாகி அழுததைப் பார்த்தவர் என்பதால்தான் இந்த ஒழுங்கு என்று நினைக்கிறேன். போனதும் முதலில் கண்ணில் பட்டது, மானிட்டர் நம் பக்கம் திரும்பியிருந்தது. அவர் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டைப் அடிக்கிறார், நேராக உட்கார்வது நாம். ஒவ்வொரு கட்டத்தையும் நம் வாயால் படிக்கவைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறார். இங்கிலீஷ் புரியவில்லை என்றால் நிறுத்தித் தமிழில் சொல்கிறார். சிஏ தேர்வை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத முடியாது. பாடத்தை எப்படியோ இங்கிலீஷில் பழகிக்கொள்கிறோம். அட்மிட் கார்டோடு வருகிற அறிவுரைத் தாளின் இங்கிலீஷ் வேறு மாதிரி, கோர்ட்டுக் காகிதம் மாதிரி இருக்கும், நான் அதுவரை ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை.

என் மெயில் ஐடியைப் பார்த்ததும் முதல் வேலையாக அதை மாற்றவைத்தார். என் பெயரில் புது மெயில், என் போன் நம்பர், பாஸ்வேர்டை நானே அடிக்க வேண்டும், அவர் அந்த நேரத்தில் எழுந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய்விடுகிறார். பணமும் நம் போனிலிருந்தோ நம் கார்டிலிருந்தோதான் கட்ட வேண்டும். அவர் கணக்கிலிருந்து கட்டிவிட்டு நம்மிடம் ரொக்கமாக வாங்குவதில்லை. இரண்டு முறை பணம் பிடித்துவிட்டால் திரும்பி வருகிற தொகை எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கேதான் வரும், "அப்புறம் நீ என்னைத் தேடி வரணும், நான் கணக்கைத் தேடணும், எதுக்கு" என்றார்.

அதிக நேரம் பிடித்தது பெயர்தான். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால். பான் கார்டு எடுத்தபோது சர்நேம் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள், அதில் நான் அப்பா பெயரோடு சேர்ந்து வேறு ஆள் மாதிரி இருக்கிறேன். நமக்கு வீட்டுப் பெயர், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இந்த அப்ளிகேஷன் எல்லாம் அது இருக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. அக்கா மூன்று அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்து, சிஏ பதிவில் என்ன பெயர் இருக்கிறதோ அது மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி உண்டா இல்லையா, இடைவெளி உண்டா இல்லையா என்பது வரை. தேர்வு அறையில் அட்மிட் கார்டோடு ஒரு அடையாள அட்டையையும் காட்ட வேண்டும், எந்த அட்டையைக் கொண்டுபோனால் பெயர் ஒத்துப்போகும் என்று அங்கேயே முடிவு செய்து, அந்த அட்டையின் ஜெராக்ஸில் பென்சிலால் டிக் போட்டுக் கொடுத்தார். பான் கார்டை எடுத்துக்கொண்டு போகாதே என்று இரண்டு தடவை சொன்னார். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருப்பதையும் தள்ளிப்போடாமல் மார்க் ஷீட் மாதிரி மாற்றிக்கொள்ளச் சொன்னார், ஏப்ரலில் மாற்றிவிட்டேன்.

கையெழுத்தும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் போடவைத்து ஸ்கேன் செய்தார். நான் அவசரத்தில் கொஞ்சம் சுருக்கிப் போட்டேன். பழைய பதிவில் இருந்த கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இதுவும் அதுவும் ஒரே ஆளா?" என்று கேட்டு மறுபடி போடவைத்தார்.

ஊர் வரி வந்தபோது அக்கா கையை எடுத்துக்கொண்டார், மவுஸை என் பக்கம் தள்ளினார். "நீயே தேர்ந்தெடு" என்றார். எனக்கு நிஜமாகவே கை நடுங்கியது. திருச்சிராப்பள்ளி என்று மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

இவ்வளவுக்கும் கூலி 120 ரூபாய். பிரிண்ட் பக்கத்துக்கு 3 ரூபாய் தனி. நான் பாராட்டுவது இந்த அப்ளிகேஷன் வேலையோடு நிற்கவில்லை. அட்மிட் கார்டு வந்ததும் நீயே டவுன்லோடு செய்துகொள், ஆனால் பிரிண்ட் எடுக்க இங்கே வா என்று சொல்லி அனுப்பினார். அட்மிட் கார்டு தபாலில் எல்லாம் வருவதில்லை, தேர்வுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் வெப்சைட்டில்தான் போடுகிறார்கள். ஏப்ரலில் போனேன். பிரிண்ட் எடுத்து, அதோடு வருகிற அறிவுரைப் பக்கங்களையும் எடுத்து, என்னோடு காத்திருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

கால்குலேட்டர் வரி வந்தது. பேட்டரியில் ஓட வேண்டும், சத்தம் வரக் கூடாது, ஆறு செயல்பாட்டுக்கு மேல் கூடாது, 12 டிஜிட், இரண்டு மெமரி. மேசை டிராயரிலிருந்து சாதாரண 12 டிஜிட் கால்குலேட்டர் ஒன்றை எடுத்து வைத்து, இந்த மாதிரி என்று காட்டினார். திருநெல்வேலியில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி ஒரு பையன் அண்ணனுடைய இன்ஜினியரிங் கால்குலேட்டரைக் கொண்டுவந்திருந்தான். வாங்கி வைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரமும் அவன் ஓரத்தில் பேனாவால் பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும் இருந்ததை நான் பார்த்தேன். அவனுக்கும் யாராவது ஒருத்தர் டிராயரைத் திறந்து காட்டியிருக்கலாம்.

நேரமும் அப்படித்தான். எழுத்து 2 மணிக்கு என்று கார்டில் இருக்கும். 1.45க்கே கேள்வித்தாள் கையில் வந்துவிடும், அந்தப் பதினைந்து நிமிடம் படிப்பதற்கு மட்டும், எழுதக் கூடாது. அதில் என்ன செய்ய வேண்டும் என்று அக்கா எதுவும் சொல்லவில்லை, அது உன் வாத்தியார் வேலை என்றுவிட்டார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடையைப் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற வரியைக் காட்டி, போன தடவை அப்படிச் செய்தாயா என்று கேட்டார். நினைவில்லை என்றேன். நான் ஏற்கெனவே அக்கவுண்ட்ஸ் விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். பேப்பருக்கு 500 ரூபாய், ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும், இதையும் மார்ச்சில் அவர்தான் சொன்னார். மறுமதிப்பீடு என்பது கிடையாது. வெரிஃபிகேஷன் கேட்டால் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஆனால் நகலில் நம் கையெழுத்தை நாமே பார்க்கலாம். திறந்து பார்த்தோம். ஒரு கணக்கின் ஒர்க்கிங் நோட், அதாவது விடைக்கான துணைக் கணக்கு, இரண்டு பக்கம் தள்ளி, வேறு கேள்வியின் விடைக்கு நடுவில், கேள்வி எண்கூட இல்லாமல் கிடந்தது. திருத்துகிறவர் அதை எங்கே போய்த் தேடுவார்? அந்த 38ஐப் பற்றி இரண்டு மாதமாக எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடம் போய்விட்டது.

அப்புறம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "விடைத்தாளைத் திறந்ததும் முதல்ல என்ன எழுதுவ?"

பிள்ளையார் சுழி என்றேன். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கை தானாகப் போடுவது அது. அப்பாவின் நெல் மூட்டைக் கணக்கு நோட்டில், அம்மாவின் மளிகைச் சீட்டில், எதிலும் உச்சியில் உ இல்லாமல் நான் பார்த்ததில்லை.

மானிட்டரில் அந்த வரியைப் பெரிதாக்கினார். விடைத்தாளில் சாமி பெயர், மதக் குறி, 786 மாதிரி எண், திருத்துகிறவருக்கு வேண்டுகோள், நாம் யார் என்று தெரிகிற எந்த அடையாளமும் போடக் கூடாது, போட்டால் முறைகேடாக எடுத்துக்கொள்ளப்படும். நாம் பக்தியில் போடுவது திருத்துகிறவர் கண்ணுக்கு ஒரு அடையாளம், ‘இது நான்தான்’ என்று யாருக்கோ ரகசியமாகச் சொல்வது மாதிரி. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. திருநெல்வேலியில் மூன்று பேப்பரிலும் போட்டேனா, நினைவில்லை. அக்கவுண்ட்ஸ் நகலின் முதல் பக்கத்தை ஓடிப் போய்ப் பார்த்தேன், நல்லவேளை அதில் இல்லை. மற்ற இரண்டில் என்ன இருந்ததோ, என்னைக் காப்பாற்றியது எதுவோ.

"கை பழகினதைக் கைதான் விடணும். இன்னிலேருந்து வீட்டுல எழுதற மாதிரித் தேர்வு எதுலயும் போடாத. சாமி கும்பிட்டுட்டுத்தானே கிளம்புவ, அது போதும்" என்றார். நான் இரண்டு வாரம் அப்படியே செய்தேன். முதல் நாலைந்து நாள் தாளின் உச்சியில் இடது கையை வைத்து மூடிக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது வீணான ஒரு பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். 150இல் 64 கையில் இருக்கிறது. மிச்சம் 86, இரண்டு பேப்பரில். ஒவ்வொன்றிலும் 40 எப்படியும் எடுத்தாக வேண்டும், அது 80. அதற்கு மேல் வெறும் 6 மார்க். எக்ஸம்ப்ஷன் மார்க் மொத்தத்தில் சேரும் என்பதும், அது அடுத்த மூன்று அட்டெம்ட் வரைதான் செல்லும் என்பதும் எனக்குத் தெரிந்த விதிகள்தான். ஆனால் அந்த 6 என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் இரவில் தூக்கம் வந்தது. தெருமுனை வீட்டைக் கைகாட்டி, "கணக்குல அவரை மிஞ்ச ஆளில்லை. நம்ம ஊர் காலேஜ்ல 1904ல சேர்ந்தவரு, மத்த பாடத்துல தவறினதால ஸ்காலர்ஷிப் போச்சு. ஒவ்வொரு பேப்பர்லயும் மினிமம்னு இருந்தா இருந்ததுதான், லாவைக் குறைச்சுப் படிக்காத" என்றார். ராமானுஜன் கதையை ஸ்கூலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இப்படிக் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். கடை காலை பத்தரைக்கு முன்னால் திறப்பதில்லை, கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்று உடைந்தது. கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது, ஒருமுறை பாதி அப்ளிகேஷனில் நின்று திரும்ப முதலிலிருந்து அடித்தோம். போட்டோ பிரிண்ட் சுமார், அதற்கு ஸ்டூடியோவுக்கே போங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் கூட்டம் சந்து வரை நிற்கும், அப்போது மற்றவர்களுக்கு அரை நாள் போய்விடும். ஆனால் அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொருத்தரிடமும், விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்று ஒரு வட்டம் இருக்கிறது, எதையும் கறுப்பாக்காமல் காலியாக விடாதே என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதை நான் கேட்டிருக்கிறேன். தனக்குத் தெரியாத தேர்வு என்றால் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். சிஏ ஃபைனல் பற்றி நான் கேட்டதற்கு, அதில் ஒரு பேப்பர் புத்தகம் பார்த்து எழுதுவது என்பது வரைதான் தெரியும், அப்ளிகேஷன் திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம் என்றார்.

இன்னொன்று, சிலருக்கு இது பெரிய குறையாகத் தெரியலாம். கடைசித் தேதி அன்று மாலை ஆறு மணிக்கு மேல் புது அப்ளிகேஷன் எடுக்க மாட்டார். ஒரு பையன் கெஞ்சியதை நானே பார்த்தேன். அவசரத்தில் அடித்தால் தப்பு வரும், சிஏ என்றால் 600 ரூபாய் லேட் ஃபீஸ் கட்டிப் பொறுமையாக நாளைக்குப் போடலாம், மற்றத் தேர்வில் அதுவும் கிடையாது, நீ முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் அனுபவத்துக்குப் பிறகு அக்கா பக்கம்தான் நிற்கிறேன்.

மே 3, 5 இரண்டு நாளும் திருச்சியில் எழுதினேன், சித்தி வீட்டிலிருந்து. 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கியது, வெயிலைச் சொல்லி முடியாது. விடைத்தாள் உச்சியில் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு விடையும் புதுப் பக்கம், ஒர்க்கிங் நோட் அந்தந்த விடைக்குக் கீழேயே. ஜூலை 6ஆம் தேதி ரிசல்ட் வந்தபோது அக்கவுண்ட்ஸ் 47, லா 49, மொத்தம் 160. முதலில் அம்மாவுக்குச் சொன்னேன், அப்புறம் தென்காசிப் பெண்ணுக்கு, மூன்றாவதாக அக்காவுக்கு. அக்கா கேட்ட முதல் வார்த்தை, "செகண்ட் குரூப்புக்கு எப்ப வர?"

கடையில் நீளமான ஒரு பேரேட்டு நோட்டு இருக்கிறது, போகிறவர்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள். வந்துபோன பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தோம் என்று அவரவர் கையால் எழுதி வைத்தது. ஒருத்தர் ஸ்மார்ட் வாட்ச்சோடு உள்ளே போய் நின்றிருக்கிறார். இன்னொருத்தர் ஒரே பெயரில் ஊரில் இரண்டு பள்ளிக்கூடம் இருப்பது தெரியாமல் வேறு பள்ளிக்குப் போய்விட்டார், அதிலிருந்து அக்கா எல்லாரையும் முதல் நாளே போய் மையத்தின் கேட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். நானும் ஜூலையில் போனபோது ஒரு பக்கம் எழுதினேன், திரு என்று தொடங்குகிற ஊர்ப் பெயர்களைப் பற்றி.

போகிறவர்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஜெராக்ஸைக் காட்டினால் பெயரில் புள்ளி தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார், எங்கள் ஊருக்குப் போய் எடுத்துவர மறுபடி ஒரு மணி நேரம் பஸ்.